அப்பா பேசறேன்

மறுபடியும் 'பேசறான்' என்றுதான் வந்தது. அப்பா பேசறான். உலகத்தில் எந்த அப்பனாவது மகளுக்குப் போன் போட்டு 'அப்பா பேசறான்' என்று சொல்வானா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஹக்கீம் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ பட்டனைத் தேடுவதுபோல் சிரிப்பை மறைக்கிறார், தோள் குலுங்குவது எனக்குத் தெரியாதா, நானும் நடிகன்தானே. "பரவால்ல கிளெக் சார், இன்னொண்ணு போலாம்" என்று காதுக்குள் அவர் குரல். போகலாம், காலையிலிருந்து போய்க்கொண்டேதான் இருக்கிறோம், போன இடத்துக்கே திரும்பி வந்துகொண்டும் இருக்கிறோம். எதிரே திரையில் நான். சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயை அசைக்கிறேன். அந்த வாய் சரியாகச் சொல்கிறது. பேசறேன் என்று உதடு அழகாக விரிகிறது. படம்பிடித்த அன்று டைரக்டர் அரசி, முழுப்பெயர் மங்கையர்க்கரசி, ஒத்திகை என்று பொய் சொல்லிக் கேமராவை ஓடவிட்டுவிட்டாள், நானும் தெரியாமல் மனுஷன் மாதிரி பேசிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் திண்டிவனம் ரோட்டில் போன லாரிக்காரன் எல்லாம் ஹாரன் அடித்தான். சத்தம் முழுக்கப் பாழ். அதனால் இன்று வடபழனியில் இந்தக் குளிர்ப்பெட்டிக்குள் நின்று என் வாய்க்கு நானே குரல் கொடுக்கவேண்டியிருக்கிறது, கொடுக்கத்தான் முடியவில்லை, மைக்குக்கு மேலே அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், நாக்கு தொப்பியை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்று துரையாகிவிடுகிறது. அரசி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சோபாவில் தயாரிப்பாளர் வேலாயுதம். கதவோரம் டீ கிளாசோடு குமரகுரு. குமரகுருதான் என் பயம். டப்பிங் கலைஞன், பெரிய குரல்காரன். சாப்பாட்டு நேரத்துக்குள் நான் இந்த ஒரு துண்டைப் பேசி முடிக்காவிட்டால் படம் முழுக்க எனக்குப் பதில் அவன் பேசுவான். வேலாயுதம் காலையிலேயே சொல்லிவிட்டார். "தப்பா நினைக்காதீங்க தொரை. ஜனம் இந்த சீன்ல அழணும். நீங்க வாயத் தொறந்தா தியேட்டரே சிரிக்கும். அப்படிப் பழக்கிவச்சிருக்கீங்க." பழக்கித்தான் வைத்திருக்கிறேன். அவர் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

ஒரு 'ஏன்', பேசறேன் என்பதன் கடைசியில் வருகிற அந்த ஏன். அவ்வளவுதான் கேட்கிறார்கள். அரசி எழுதியிருக்கும் வசனம் முழுக்க அதுதான், வேண்டுமென்றே எழுதினாளோ என்னவோ. அப்பா பேசறேன்மா. வச்சிடாத. ஒண்ணும் கேக்கமாட்டேன். உன் குரலைக் கேட்டாப் போதும்னு இருந்தேன். நீ வரவேணாம், நான் வர்றேன். கோபித்துக்கொண்டு போன மகளுக்கு ஒரு கிழவன் போடுகிற போன். இதில் என்ன கஷ்டம், வீட்டில் நாள் முழுக்க இதைத்தானே பேசுகிறேன், வர்றேன் போறேன் சாப்ட்டேன் தூங்கிட்டேன், கல்யாணம் ஆன நாளிலிருந்து அமலோற்பவத்திடம் ஏன் போட்டே பேசியிருக்கிறேன், இப்போது இதை நினைப்பதுகூடத் தமிழில்தான், இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்த இந்த ஹெர்பர்ட் கிளெக்குக்கு அவன் அம்மா ஊட்டிய இங்கிலீஷ் எங்கேயோ பரணில் கிடக்கிறது, பண்டிகைக்குப் பாத்திரம் எடுக்கிற மாதிரி எப்போதாவது எடுப்பேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இங்கிலீஷ் நாடகம் போட வந்த கம்பெனி, சென்னைக்கு வந்ததும் படுத்துவிட்டது, மற்றவர்கள் எல்லாம் கப்பலேறிவிட்டார்கள், நான் மட்டும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்த ஒரு குரலைத் தேடிப்போய் ராயபுரத்தில் மாட்டிக்கொண்டேன். அமலோற்பவத்தின் குரல். அவள்தான் வாத்தியார். ராயபுரம் தமிழ். இன்று காலையில்கூட வாசல்வரை வந்து, "பல் செட்ட ஒழுங்கா மாட்டிக்கினு போங்க, மைக்கு முன்னால கயண்டு வுழப்போவுது" என்றாள். பல் ஒழுங்காகத்தான் இருக்கிறது அமலு. நாக்குதான் கழன்றுபோயிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டவர் தண்டபாணி. பாவம், அவரைத் திட்டக்கூடாது, செத்துப்போய்விட்டார், அதுவும் போக, அவர் இல்லாவிட்டால் எனக்கேது சோறு. முதல் படம், முதல் நாள், கலெக்டர் வேஷம், 'இவனைச் சிறையில் தள்ளுங்கள்' என்று ஒரே வரி. ராத்திரியும் பகலும் அமலுவிடம் சொல்லிச் சொல்லி, லகரம் ளகரம் எல்லாம் சுத்தமாக, சிறை என்பதில் வல்லின றகரத்தை அழுத்தி, நின்று சொன்னேன். டைரக்டர் பட்டாபிராமன் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார். "கட்! கட்! யாருய்யா இது, எங்க தமிழய்யா மாதிரி பேசறாரு! ஜனம் நம்புமா? சார், கொஞ்சம் வெள்ளக்காரன் மாதிரி பேசுங்க சார்!" எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் வெள்ளைக்காரன். நான் பேசுகிறேன். அது வெள்ளைக்காரன் பேசுகிற மாதிரி இல்லையாம். மேக்கப் அறைக்குப் பக்கத்தில் என்னைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுத்தவர்தான் தண்டபாணி, வசனம் எடுத்துக்கொடுக்கிற உதவியாளர், கும்பகோணத்துக்காரர், அதுவரை ஒரு வெள்ளைக்காரனோடும் பேசியதில்லை, அப்படியே என் தோளில் கை போட்டார். "ஒண்ணும் கவலப்படாதீங்க. எல்லாத்தையும் 'ஆன்'ல முடிச்சிடுங்க. நான் வர்றான், நீ போறான், அவ சிரிக்கிறான். ஆம்பள பொம்பள கிடையாது, நானு நீயி கிடையாது. தொரைக்கு ஊரு உலகமே 'அவன்'தான்." எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "பாதி கிளி, பாதி குடிகாரன். நானாக் கலந்து அடிச்சதுதான்" என்றார். கிரிம்ஸ்பிக்காரன் கும்பகோணத்துக்காரரிடம் வெள்ளைக்காரனாகப் பேசக் கற்றுக்கொண்டான். போய் நின்று 'இவனே ஜெயில்லே போடுறான்' என்றேன். செட்டே கைதட்டியது.

"ரெடி சார், போறேன்." விளக்கு. திரையில் என் தொண்டை ஏறி இறங்குகிறது, இப்போது, அப்பா, பே, கவனி, பேசறேன்மா, அட வந்துவிட்டது, வந்தேவிட்டது, வச்சிடாத, ஒண்ணும் கேக்கமாட்டான். மாட்டான். சனியன். ஒரு ஏன் வந்த சந்தோஷத்தில் அடுத்த ஏனைக் கோட்டைவிட்டேன். ஹக்கீம் நிறுத்திவிட்டார். குளிர் முட்டியில் ஏறுகிறது, காது மூடியிருப்பதால் இதயம் அடிப்பது கேட்கிறது, இதையும் சேர்த்துப் பதிவு செய்கிறதோ இந்த மைக், கிழவன் பயந்துபோய் நிற்கிறான் என்று வேலாயுதத்துக்குக் கேட்குமோ. எனக்கு எதற்குப் பயம். நான் யார். அங்கே என் ஊரில் ஒரு கம்பெனியிலும் எனக்கு வாய் திறக்கிற வேஷம் தரவில்லை, மீன்துறைப் பேச்சு, பிரபுவுக்குப் பின்னால் நிற்கிற வேலைக்காரனுக்குக்கூட உன் உச்சரிப்பு ஆகாது என்றான் ஒரு மேனேஜர், ஈட்டியைக் கையில் கொடுத்து ஓரமாக நிறுத்தினான். வலை பின்னுகிற என் அப்பா ஒரே ஒருமுறை பார்க்க வந்தார். முடிந்ததும் தொப்பியைக் கையில் வைத்துத் திருகித் திருகி நின்று, 'நல்லா நின்னடா' என்றார். அவருக்கு அது பாராட்டு. எனக்கும்தான். அந்த நின்ற பயல் இங்கே வந்து கவர்னர் ஆனான், கலெக்டர், கேப்டன், வரி கேட்கிற துரை, வைரம் திருடுகிற துரை, கதாநாயகியின் வீட்டைக் கொளுத்துகிற துரை. பிரபுவின் வேலைக்காரனாகத் தேறாதவனுக்குக் கோடம்பாக்கத்தில் ஜில்லா ஜில்லாவாகத் தூக்கிக் கொடுத்தார்கள். எத்தனை சாவு செத்திருக்கிறேன். குதிரையிலிருந்து விழுந்து, கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து, யானைக்கு அடியில், உலக்கை அடியில், ஒருதரம் கதாநாயகனின் மாடு முட்டி. நான் சாகும்போது பறக்கிற விசில் கதாநாயகன் வரும்போதுகூடப் பறக்காது, மதுரையில் ஒரு தியேட்டரில் நானே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், என் சாவுக்கு நானும் ஒரு விசில் அடித்தேன். காசிமேட்டில் மீன் வாங்கப்போனால் ஒரு அம்மா கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. "படத்துல எங்காளோட அப்பன சுட்டவன்தானே நீ, ஒனக்கு மீன் கெடையாது போ." நான் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "நேத்து மீன எனக்கு விக்கலேன்னா எனக்கின்னா நஷ்டம், நான் கடல்கரையில பொறந்தவன், என்கிட்டயே காட்றியா" என்றேன். அந்த அம்மா வாயைப் பிளந்து பார்த்தது. "யோவ், நல்லாத்தான பேசற! அப்புறம் சினிமால மட்டும் இன்னாத்துக்கு அப்டி கொயகொயன்னு பேசற?" நான் சிரித்துவைத்தேன். நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்தது. எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அந்த அம்மா கேட்டது, அமலு கேட்டாள், யாருக்கும் பதில் சொல்லவில்லை, சிரித்தே சமாளித்துவிட்டேன், சிரித்துச் சமாளிக்க முடியாத இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை இப்போது நினைக்கக்கூடாது.

நினைக்கக்கூடாது என்றால் நினைப்பு கேட்குமா. சகாயம். என் மகள் சகாயராணி, இப்போது கோயமுத்தூரில் பேங்கில் மேனேஜர், அப்போது நாலாம் வகுப்பு, இரட்டைச் சடை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போகும் வழியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வீட்ல பேசற மாதிரி பேசிடாதீங்க. நீங்கதான் தொரைன்னு சொன்னா எவளும் நம்பமாட்டா" என்றாள். மேடை ஏறி 'ஏய் பசங்க! நான் உங்களே எல்லாம் ஜெயில்லே போடுறான்' என்றேன், பிள்ளைகள் கத்தின கத்தில் பந்தல் கிழிந்துபோனது, தலைமை ஆசிரியை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் இறங்கிவந்தேன். ரிக்‌ஷாவில் திரும்பும்போது சகாயம் சடை நுனியைக் கடித்துக்கொண்டே வந்தாள். வீடு கிட்டே வந்ததும் கேட்டாள். "எல்லாப் படத்துலயும் தொரைதான் வர்றாரு. எங்கப்பா எப்பப்பா வருவாரு?" வருவார்ம்மா என்று சொன்னேன். எந்தப் படத்தில் என்று அவள் கேட்கவில்லை, நானும் அதற்குப் பிறகு வந்த படங்களில் எல்லாம் துரையாகவே போனேன், துரையாகவே வந்தேன், நினைத்துப்பார்த்தால் இத்தனை காலத்தில் திரையில் ஒருதரம்கூட நான் என்னை 'நான்' என்று சரியாகச் சொன்னதில்லை, நான் என்று ஆரம்பித்து அவனில் முடித்திருக்கிறேன், யாரோ ஒருவனைப் பற்றிப் புறம் பேசுகிற மாதிரி. கதவு திறக்கிறது. அரசி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாள், கையில் வெந்நீர். "சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டீங்களே. உங்க மூஞ்சி போதும் சார் எனக்கு. அது எல்லாத்தையும் சொல்லிடுச்சு. குமரகுரு சார் மெதுவா, உங்க நடிப்பு மேல படாம பேசிடுவார். நீங்க டயர்ட் ஆயிட்டீங்க." நல்ல பெண். வேலாயுதத்தோடு சண்டைபோட்டு என்னை இந்தப் படத்தில் போட்டவள், அவளுக்கும் நம்பிக்கை போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குமரகுரு டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்வது தெரிகிறது. அப்பன் தண்டபாணி செருமுகிற அதே செருமல். அவன் பிறந்தபோது சர்க்கரைத் தண்ணி தொட்டு வைத்தவன் நான், என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான், நல்லாத்தான் பேசுவான், ஒரு குறையும் சொல்லமுடியாது, என் முகத்திலிருந்து அவன் குரல் வரும், ஜனம் அழும், படம் ஓடும், பிரைஸ்கூட வரும். சரிம்மா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அமலு மீன்குழம்பு வைத்திருப்பாள். சரிம்மா. சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஒரே ஒரு டேக் அரசி. ஆனா இது உனக்கில்ல, அவனுக்கு" என்று வந்தது. எவனுக்கு என்று அவள் முழித்தாள். "தொரைக்கு" என்றேன். "அவன் பேசாம விடமாட்டான். பேசிட்டுப் போகட்டும்."

எப்படித் தோன்றியது என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நேரம் அவனை வாயில் வைத்து அடைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன், அவன் கதவை முட்டிக்கொண்டே இருந்திருக்கிறான், எனக்குச் சோறு போட்டவன், வீடு கட்டிக்கொடுத்தவன், சகாயத்துக்குப் பீஸ் கட்டியவன், அவனை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தினால் முட்டத்தானே செய்வான். வா, துரை. உள்ளே வா. அரசி வெந்நீரை வைத்துவிட்டு வெளியே போனாள், விளக்கு எரிந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன், கையில் இல்லாத சவுக்கால் இல்லாத பூட்சில் ஒரு தட்டு. "ஹலோ! ஹலோ! யார் பேசறான்? அப்பா பேசறான்! நீ போனே வைக்கிறான்? என் போனே வைக்கிறான்? நான் உன்னே சும்மா விடமாட்டான்! இப்போ வர்றான், குதிரை மேலே வர்றான், பட்டாளம் கொண்டு வர்றான், திண்டிவனம் சைக்கிள் கடையெல்லாம் ஜெயில்லே போடுறான்!" காதுக்குள் வெடித்தது சிரிப்பு. ஹக்கீம் மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டார், அரசி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள், வேலாயுதம் தொடையில் அடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார், குமரகுரு சிரிக்கவில்லை, கும்பிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான், அவன் அப்பனுடைய சரக்கு அல்லவா. நானும் கேட்டேன். எவ்வளவு பிரமாதமாகப் பேசுகிறான் இவன். எப்பேர்ப்பட்ட நடிகனடா நீ. வெட்கப்பட என்ன இருக்கிறது, ஒரு நாட்டு ஜனத்தையே தலைமுறை தலைமுறையாகச் சிரிக்கவைத்து, சாகும்போது விசிலடிக்கவைத்தவன், அதை மீன்துறைப் பயல் ஒருத்தன் கடன்வாங்கின தமிழில் செய்து காட்டியிருக்கிறான், கிரிம்ஸ்பியில் அந்த மேனேஜர் இருந்தால் கூட்டிவந்து உட்காரவைத்திருப்பேன். போய் உட்கார் துரை, பேசினது போதும், களைப்பாக இருப்பாய். சிரிப்பு அடங்கியது. வாய் காலியாக இருந்தது. முழுக்கக் காலி, துடைத்துவைத்த பானை மாதிரி. "ஹக்கீம் பாய், ஓட்டுங்க" என்றேன்.

விளக்கு எரிகிறது. எரியட்டும். திரையில் அந்தக் கிழவன் போனைக் காதுக்குக் கொண்டுபோகிறான், தொண்டை ஏறி இறங்குகிறது, நான் சகாயத்தை நினைக்கவில்லை, நினைத்தால் நடிப்பு வந்துவிடும், ஒன்றையும் நினைக்கவில்லை, அவன் உதடு விரியும்போது என் உதடும் விரிகிறது, அப்பா பேசறேன்மா. எவ்வளவு சின்னச் சொல். அப்பா என்று யாரோபோல் ஆரம்பித்து, அந்த அப்பா நான்தான் என்று ஏனில் வந்து முடிகிறது, இந்த மொழியில் மட்டும் ஒரு ஆள் இப்படித் தன் வீட்டுக்குள் தானே நடந்துபோகலாம். வச்சிடாத. மூச்சு. ஒண்ணும் கேக்கமாட்டேன். மாட்டேன், ஆமாம், மாட்டேன்தான். கிழவன் ஒரு நொடி கடைக்கு வெளியே பார்க்கிறான், நானும் பார்க்கிறேன், உன் குரலைக் கேட்டாப் போதும்னு இருந்தேன். குரல் இந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது, அது வசனத்தில் இல்லை, உடையட்டும், அது என் குரல், என் குரல்தான் உடைகிறது, வேறு யாருடையதும் இல்லை. நீ வரவேணாம். இன்னும் ஒன்று. பிடித்திழுக்க வேண்டாம், தானாக வரும், வருகிறது, ராயபுரத்துச் சந்துகளில் எத்தனையோ ஆயிரம் தடவை வாசலில் நின்று அமலுவிடம் சொல்லிவிட்டுப் போன அதே வார்த்தை, நான் வர்றேன்.

படம் நின்றுவிட்டது. காதுக்குள் ஒன்றுமே கேட்கவில்லை. எப்போதும் கேட்கிற 'ஓகே சார்'கூட இல்லை. போச்சு, கடைசி ஏன் ஆன் ஆகிவிட்டதோ, எனக்குக் கேட்டது ஒன்று அவர்களுக்குக் கேட்டது ஒன்றோ, கிழட்டுக் காதை நம்பமுடியுமா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன். ஹக்கீம் இரண்டு கையையும் மேஜையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார். அரசி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறாள், தோள் குலுங்குகிறது, இந்தக் குலுங்கல் வேறு. வேலாயுதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார், அது துடைக்கத் துடைக்க அழுக்காகிறது போலிருக்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. அப்படியானால் வந்துவிட்டது. அட, எல்லா ஏனும் வந்துவிட்டது! ஹெர்பர்ட் கிளெக் பேசிவிட்டான், இல்லை, என்ன 'விட்டான்', பேசிவிட்டேன், பேசிவிட்டேன், எத்தனைதரம் சொன்னாலும் தித்திக்கிறது. மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன், பல் செட்டைக்கூடக் காட்டிக்கொண்டு சிரிக்கிறேன். கதவைத் தள்ளிக்கொண்டு குமரகுரு உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது. "பெரியப்பா, என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே" என்று சொல்லி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான், அப்பனைப்போலவே தோளில் கைபோடுகிற பழக்கம். அப்புறம் விலகி நின்று, வம்புக்கு இழுக்கிற குரலில், "சரி, இந்தப் படம் போச்சு. அடுத்த படத்துக்கு உங்களுக்கு யாரு பேசறது, அதைச் சொல்லுங்க" என்றான்.

"எனக்கு நானே பேசிக்கறேன், போடா" என்றேன்.